மழைக்காட்டில் அளக்கக் கற்பது

பயிற்சி பேருந்திலேயே தொடங்கிவிடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் வண்டியில் சன்னலோரம் இடம் பிடித்து உட்காருங்கள். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைச்சாலை, 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வெளியே தெரிகிற தாவரம் எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

நான் அழைத்துப்போகும் மாணவர்கள் எல்லோருக்கும் இதுதான் முதல் வேலை. மேலே போய்ச் சேர்ந்ததும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து எல்லோருடைய நாற்பது வரிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அடிவாரத்தில் முள்மரங்களும் புதரும், பாறைச் சரிவில் புல், அதிர்ஷ்டம் இருந்தால் அதில் இரண்டு வரையாடு, பிறகு உயர்ந்த மரங்கள், பிறகு தேயிலை. இந்த வரிசை எல்லோரிடமும் இருக்கும். ஆனால் புதர் முடிந்து காடு எந்த வளைவில் தொடங்கியது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஒருத்திக்கு நாலு மரம் சேர்ந்து தெரிந்தாலே காடு. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்கு வானம் மறைந்தால்தான் காடு. இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை. காடு என்று எதை எழுதப்போகிறோம் என்பதை வண்டி ஏறும் முன் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பேச்சைப் பற்றியதுதான். காட்டில் என்ன பார்த்தோம் என்பதை எழுத எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. எப்படிப் பார்த்தோம், எங்கே நின்று, எவ்வளவு நேரம், எதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதினால்தான் அது ஆய்வாகும். உங்களை ஒருமுறையும் சந்தித்திராத ஒருவர் இருபது வருடம் கழித்து உங்கள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்து, அதே மரத்தின் முன் நின்று, அதே இடத்தில் அளக்க முடிய வேண்டும்.

உள்ளே நுழையும் முன்

புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் எந்த இடம், எந்த மாதங்கள், எந்த முறை, எத்தனை பேர் என்று எழுத வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்தக் காத்திருப்பை வீணாக்காதீர்கள். இங்கே சொல்லும் அளவீடுகளில் பெரும்பாலானவற்றை உங்கள் கல்லூரித் தோப்பிலோ ஊர்க் கோயில்காட்டிலோ பழகிக்கொள்ளலாம். வால்பாறைப் பீடபூமியில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே சிறிதும் பெரிதுமாகத் துண்டுபட்டுக் கிடக்கும் மழைக்காடுகளில் பல, தோட்டக் கம்பெனிகளின் நிலத்தில் இருக்கின்றன. அங்கே நிலத்துக்கு உரியவரின் அனுமதியும் வேண்டும். அனுமதிக் கடிதத்தில் எழுதாத ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது.

கூட வரும் வழிகாட்டியைப் பற்றி ஒரு சொல். வால்பாறை இருக்கும் ஆனைமலையில் காடர், முதுவர், மலைமலசர், புலையர் எனப் பல பழங்குடியினர் வாழ்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் ஆய்வு உதவியாளர்களாகவும் வருபவர்களில் பலர் இவர்கள்தான். நீங்கள் பத்து நாளில் கற்கப்போவதை அவர்கள் சிறு வயதிலேயே கற்றுவிட்டவர்கள். அவர்கள் ஒரு மரத்துக்குச் சொல்லும் பெயரை, திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேளுங்கள். சம்மதித்தால் அதையும் குறியுங்கள். அது அவருடைய அறிவு. "யானை வாசனை அடிக்குது சார், திரும்பிடலாம்" என்று அவர் சொன்னால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. அளவீடு பாதியில் நிற்கிறதே என்று நான் வருத்தப்பட்ட நாட்கள் உண்டு. ஒரு முறைகூட அவரோடு வாதாடியதில்லை.

குறிப்பேடும் பென்சிலும்

பேனா வேண்டாம். மழையில் மை கரையும். எச்.பி. பென்சில் இரண்டு, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் ஒன்று. ஈரம் தாங்கும் தாள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கெட்டி அட்டை போட்ட சின்ன நோட்டு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதி, தொடங்கிய நேரம், இடம், வானிலை, பார்ப்பவர் பெயர், எழுதுபவர் பெயர். இரண்டும் ஒருவரே என்றாலும் இரண்டு தடவை எழுதுங்கள். தவறாக எழுதியதை அழிக்காதீர்கள். மேலே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் திருத்தம் எழுதுங்கள். நேற்று ஏன் 42 என்று எழுதி 24 என்று மாற்றினீர்கள் என்பது நாளை ஒருவருக்குத் தேவைப்படலாம்.

குறிப்பேட்டின் மதிப்பை எனக்கு உணர்த்தியவர் ஜோசப் கிரின்னல் என்ற அமெரிக்க விலங்கியலாளர். 1908-இல் பெர்க்லியில் தொடங்கப்பட்ட முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். கலிபோர்னியா மலைகளில் தம் குழுவோடு அலைந்து, எங்கே எத்தனை பொறி வைத்தோம், எந்த இரவில் எது சிக்கியது, எந்த இரவில் எதுவுமே சிக்கவில்லை என்பதையெல்லாம் நாள்தோறும் எழுத வைத்தார். இந்தக் குறிப்புகளின் பயன் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியவரக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. அப்படியே நடந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்கு மறுபடி போன ஆய்வாளர்கள், யோசமிட்டி மலையில் சிறு பாலூட்டிகள் பல முன்பைவிட உயரமான பகுதிகளுக்கு நகர்ந்திருப்பதைக் கண்டார்கள். அதைச் சொல்ல அவர்களுக்குத் துணிவு தந்தது வெறுங்கையோடு திரும்பிய இரவுகளின் குறிப்புதான். ஒரு எலி அன்று அங்கே இல்லையா, இருந்தும் சிக்கவில்லையா என்று கணக்கிட அது தேவைப்பட்டது.

எனவே பூஜ்யத்தை எழுதுங்கள். ஒரு மணி நேரம் நடந்தோம், ஒன்றும் தென்படவில்லை என்பது ஒரு முழு வரிக்கு உரிய செய்தி. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாதம் முழுக்க, விலங்கு தென்பட்ட நாட்களை மட்டும் எழுதிவைத்தேன். மாதக் கடைசியில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்று கேட்டபோது பதில் இல்லை. அந்த மாத உழைப்பு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்த வலி இன்னும் இருக்கிறது.

இருபதுக்கு இருபது

மரங்களை எண்ணுவதற்கு முதலில் ஒரு சதுரம் வேண்டும். எங்கே போடுவது? இங்கேதான் முதல் சறுக்கல். காலுக்கு வசதியான இடம், பெரிய மரம் நிற்கும் இடம், ஓடைக்கரை என்று கண் போகும். கண் போகும் இடத்தில் போட்டால் உங்கள் ரசனையைத்தான் அளப்பீர்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டங்களுக்கு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். விழுந்த கட்டம் முள்ளும் பிரம்புமாக இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். பாறைச் செங்குத்து போன்ற ஆபத்தான இடமானால் விட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுங்கள். விட்டதையும் காரணத்தையும் எழுதிவையுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். உதவும். ஆனால் அடர்ந்த விதானத்தின் கீழ் அது பத்து மீட்டருக்கு மேலும் பிசகலாம். கருவியை ஒரே இடத்தில் சில நிமிடம் வைத்து, அது காட்டும் பிழை அளவையும் சேர்த்து எழுதுங்கள். அங்கிருந்து மீதி வேலை திசைகாட்டிக்கும் நாடாவுக்கும் உரியது.

20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம். மூலையை நேராக்க மூன்று, நான்கு, ஐந்து கணக்கு: ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்தால் குறுக்கே 5 மீட்டர் வர வேண்டும். நான்கு மூலையும் முடிந்ததும் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 28.28 மீட்டர் வர வேண்டும். அரை மீட்டருக்கு மேல் விலகினால் கயிற்றை அவிழ்த்து மறுபடி போடுங்கள்.

சரிவில் நாடாவைத் தரையோடு படுக்கவிட்டு அளக்கக் கூடாது. வரைபடத்தில் நிலம் தட்டையானது. 30 பாகை சரிவில் கிடைமட்டமாக 20 மீட்டர் போக, தரையோடு 23 மீட்டருக்கும் சற்று அதிகம் போக வேண்டும். நாடாவை மட்டமாகப் பிடித்து ஐந்தைந்து மீட்டராகப் படிப்படியாக இறங்குவதே எளிய வழி. ஆனைமலையில் சமதளம் அரிது, எனவே இதை முதல் நாளே பழகுங்கள்.

எல்லைக் கயிற்றின் மேலேயே ஒரு மரம் நிற்கும். எப்போதும் நிற்கும். அடிமரத்தின் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன விதி என்பதைவிட அதை முதல் சதுரம் தொடங்கும் முன் எழுதிவைத்தீர்களா என்பது முக்கியம். பார்க்கப் பெரிய மரமாயிற்றே என்று விதியை வளைத்தால் ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு மரம் என்ற கணக்கு ஒரேயடியாக வீங்கிவிடும்.

இனி சுற்றளவு. ஆய்வாளர்கள் பெரும்பாலும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். நம் வனத்துறையின் பழைய வழக்கம் 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. இரண்டில் எது என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டால் உயரமானவரும் குட்டையானவரும் ஒரே இடத்தில் அளப்பார்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பாருங்கள். சாய்ந்த மரத்துக்குச் சாய்வோடு ஒட்டி அளந்து, நாடாவைத் தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்றுங்கள். கொடி படர்ந்திருந்தால் அதன் அடியில் நாடாவை நுழையுங்கள், கொடியை வெட்டாதீர்கள். அடியிலேயே இரண்டு மூன்றாகக் கிளைத்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து, ஒரே மரம் என்று குறியுங்கள்.

பலகை வேர்தான் எல்லோரையும் குழப்புவது. பெரிய மழைக்காட்டு மரங்கள் சில, ஆள் உயரத்துக்கும் மேல் பலகைபோல வேர்களைப் பரப்பி நிற்கும். அதைச் சுற்றி நாடாவைப் போட்டால் மரத்தின் பருமன் இரண்டு மூன்று மடங்காகக் காட்டும். வேர் முடிந்து தண்டு உருண்டையாகும் இடத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். எட்டாத உயரமானால் ஏணி வேண்டும். ஏணி இல்லாத நாளில் மதிப்பிட்டு எழுதுங்கள், ஆனால் அது மதிப்பீடு என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

அளந்த இடத்தில் மெல்லிய வண்ணக்கோடு ஒன்று இடுங்கள். ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். மழைக்காட்டு மரம் ஒன்று ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். அடுத்த முறை ஐந்து சென்டிமீட்டர் தள்ளி அளந்தாலே அந்த வளர்ச்சி பிழைக்குள் காணாமல் போய்விடும். எண் பொறித்த அலுமினியத் தகட்டை அளக்கும் இடத்திலிருந்து விலக்கி அடியுங்கள், ஆணியை முழுதாக இறக்காமல் மரம் பருக்க இடம் விடுங்கள். ஆணியடிக்கவும் வண்ணம் பூசவும் அனுமதிக் கடிதத்தில் இடம் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கணக்கு எளிது. சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 157 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்துக்கு விட்டம் 50 சென்டிமீட்டர், அடிப்பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். பெரிய சதுரத்தில் 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்கள், அதற்குள் ஐந்துக்கு ஐந்தில் இளமரங்கள், ஒன்றுக்கு ஒன்றில் நாற்றுகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் மூன்று பேர் ஒரு சதுரத்தை நன்றாக முடிக்கலாம். ஒரே நாளில் மூன்று சதுரம் முடித்தோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அவர்கள் குறிப்பேட்டில் நாற்றுப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இந்தச் சின்னச் சதுரம் ஒரு பெரிய மரபின் துண்டு. பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் 1980-களின் தொடக்கத்தில் 50 ஹெக்டேர் காட்டை இருபதுக்கு இருபது சதுரங்களாகப் பிரித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குச்சி முதல் எல்லாத் தண்டுகளையும் எண்ணினார்கள். 1,250 சதுரங்கள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், ஏறத்தாழ 300 இனங்கள். நம் நீலகிரியில் முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு அதே அளவில் ஒரு நிலத்தை அளந்து இன்றுவரை தொடர்கிறது. அது யானையும் நெருப்பும் அடிக்கடி வந்துபோகும் இலையுதிர்காடு, எழுபதை ஒட்டிய இனங்கள்தான். இலங்கையின் சிங்கராஜவில் 25 ஹெக்டேர். மூன்று காட்டிலும் ஒரே விதி, ஒரே சதுரம். அதனால்தான் ஒன்றோடொன்று வைத்துப் பேச முடிகிறது.

மரத்துக்குப் பெயர்

உச்சியில் பூவும் காயும் முப்பது மீட்டர் மேலே இருக்கும், நீங்கள் கீழே. எனவே பூவை நம்பிய தாவரவியல் நூல்கள் முதல் நாளில் கைகொடுப்பதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பாஸ்கலும் பி. ஆர். ரமேஷும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்காக 1987-இல் வெளியிட்ட களக் கையேடு இலை, பட்டை, பால் போன்ற அடையாளங்களை வைத்தே பெயரைத் தேட உதவுவது. அதை வாங்கிவையுங்கள்.

மரத்தின் கீழ் உதிர்ந்த இலையை எடுங்கள். ஆனால் அது இந்த மரத்து இலைதானா என்று தொலைநோக்கியில் மேலே பார்த்து உறுதிசெய்யுங்கள். பக்கத்து மரத்து இலை காற்றில் வந்து விழுந்திருக்கும். இலைகள் எதிரெதிராகவா, மாறிமாறியா? தனி இலையா, கூட்டிலையா? ஒடிந்த காம்பில் என்ன கசிகிறது? வெள்ளைப் பால் என்றால் பலா அல்லது இலுப்பைக் குடும்பமாக இருக்கலாம். மஞ்சள் பால் என்றால் குடம்புளியின் உறவினர். பட்டைக் காயத்தில் ரத்தம்போலச் சிவப்பு வடிந்தால் காட்டு ஜாதிக்காய். கருங்குங்கிலியத்தில் வாசனைப் பிசின். அதன் இளந்தளிர் தீப்பிடித்ததுபோல் சிவந்து, எதிர்மலையிலிருந்தே தெரியும். பெயர் தெரியாத மரத்தை "தெரியாதது 1", "தெரியாதது 2" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விவரிப்பு வையுங்கள். ஊகித்து ஒரு பெயர் எழுதினால் பிறகு யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

நடந்து எண்ணுவது

சோலைமந்தி, கருமந்தி, மலையணில் போன்றவற்றை எண்ண நேர்கோட்டுப் பாதையில் நடக்கிறோம். டிரான்செக்ட் என்று களத்தில் சொல்வார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதைவிட வேகம் வேண்டாம். பத்து அடிக்கு ஒருமுறை நின்று மேலே பாருங்கள். மழை, மூடுபனி நாட்களில் நடக்காதீர்கள். காட்டுப் பாதைகளையும் ஜீப் சாலைகளையும் ஆய்வுப் பாதையாக எடுக்கக் கூடாது. சில விலங்குகள் திறப்பை நாடும், சில ஒதுங்கும். இரண்டும் கணக்கைக் கெடுக்கும்.

இந்த முறை நிற்பது மூன்று நம்பிக்கைகளின் மேல். பாதைக்கு நேர் மேலே இருக்கும் விலங்கை நாம் தவறவிடுவதில்லை. நம்மைக் கண்டு நகரும் முன் அது இருந்த இடத்தைக் குறிக்கிறோம். தூரத்தைச் சரியாக அளக்கிறோம். தூரத்தில் உள்ளவை பல கண்ணில் படாமல் போவது பரவாயில்லை, தூரம் கூடக்கூடக் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்பதிலிருந்துதான் மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுகிறோம். அதனால் தேவைப்படுவது பாதையிலிருந்து விலங்குக்குச் செங்குத்துத் தூரம். விலங்குக்கு உள்ள தூரத்தையும் பாதையோடு அது அமைக்கும் கோணத்தையும் அளந்தால் போதும். 40 மீட்டர் தூரம், 30 பாகை கோணம் என்றால் செங்குத்துத் தூரம் 20 மீட்டர்.

புதியவர்களின் குறிப்பேட்டில் நான் முதலில் பார்ப்பது எண்களின் கடைசி இலக்கத்தை. 10, 15, 20, 30 என்றே வரிசையாக இருந்தால் அவர்கள் அளக்கவில்லை, ஊகித்திருக்கிறார்கள். கோணம் பூஜ்யம் என்று அடிக்கடி வந்தால் இன்னும் மோசம். ஐந்தாறு பாகையைப் பூஜ்யமாக்கினால் விலங்குகள் எல்லாம் பாதைமேலேயே உட்கார்ந்திருந்ததாகக் கணக்கு நினைத்துக்கொண்டு, காட்டில் இல்லாத குரங்குகளைக் கூட்டிச் சொல்லும். லேசர் தூரமானி இருந்தால் நல்லது. இலை மறித்தால் விலங்குக்குப் பக்கத்தில் தெரியும் அடிமரத்தைக் குறிவைத்து அளவெடுங்கள். கருவி இல்லாத காலத்துக்குக் கண்ணைப் பழக்க ஒரு பயிற்சி: ஒருவர் முன்னே போய்ப் பத்து மரங்களில் துணி கட்டிவிட்டு வரட்டும். மற்றவர்கள் தூரத்தை மதிப்பிட்டு எழுதிய பிறகு நாடாவால் அளந்து பாருங்கள். மூன்று நாள் செய்தால் உங்கள் கண் கூட்டிச் சொல்கிறதா குறைத்துச் சொல்கிறதா என்பது பிடிபடும்.

கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்கு அளந்து, எத்தனை என்று தனியாக எழுதுங்கள். சோலைமந்திக் கூட்டம் மரத்துக்கு மரம் பரவி மேயும், ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் பாதியாவது தெரியும். ஓரளவு நம்பகமான மதிப்பீட்டுக்கு அறுபது, எண்பது முறையாவது கண்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. பத்து நாள் பயிற்சியில் அது கிடைக்காது. எனவே உங்கள் முடிவை "ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை கூட்டம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு ஓரிடத்தில் நின்று எண்ணுவது பொருந்தும். போய் நின்றதும் இரண்டு நிமிடம் காடு அடங்கட்டும், பிறகு பத்து நிமிடம், 50 மீட்டர் சுற்றுக்குள். அடர்காட்டில் பறவை எண்ணிக்கை பெரும்பாலும் காது வேலை. கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா என்பதற்குத் தனித்தனிக் கட்டம் வையுங்கள். துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து நாலு பறவைகள் கூப்பிட்டால் எழுதுவதற்கு முன் பொறுத்திருந்து பாருங்கள்.

மாதம் தவறாமல்

பூ, காய், தளிர் எப்போது வருகிறது என்று பார்ப்பது கருவி அதிகம் தேவைப்படாத, ஆனால் பொறுமையை அதிகம் கேட்கிற வேலை. இனத்துக்குப் பத்து மரமாவது எண்ணிட்டு, மாதத்தின் ஒரே வாரத்தில், ஒரே இடத்தில் நின்று, தொலைநோக்கியில் உச்சியைப் பாருங்கள். இல்லை என்றால் 0, கால் பங்குவரை 1, அரைவரை 2, முக்கால்வரை 3, அதற்கு மேல் 4. வெடிப்பலாவைத் தவறாமல் சேருங்கள். கிளையோடு ஒட்டிக் கொத்தாகப் பூக்கும். அந்தப் பூவைத் தேடிக் குரங்கும் அணிலும் மரநாயும் வௌவாலும் வருவதை, களக்காடு–முண்டந்துறையின் கக்காச்சியில் டி. கணேஷும் பிரியா தாவிதாரும் 1990-களில் ஆராய்ந்து எழுதினார்கள். மற்ற உணவு குறைவான நாட்களில் ஒரு காட்டின் பாதி விலங்குகள் ஒரு மரத்தில் கூடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த 0, 1, 2 வெறும் எண்ணாகத் தெரியாது.

மழையையும் கூடவே அளந்துவிடுங்கள். 20 சென்டிமீட்டர் வாயுள்ள புனல், கீழே ஒரு கேன், மரநிழல் விழாத இடம். சேர்ந்த நீரில் 31.4 மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை. தினமும் காலை எட்டரைக்கு அளந்து கொட்டுங்கள். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லார்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஐந்து லிட்டர் கேன் ஒரே இரவில் நிரம்பி வழியக்கூடும், பெரியதாக வையுங்கள்.

தானியங்கிக் கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குத் தனி அனுமதியும் தனிப் பயிற்சியும் வேண்டும். 1995-இல் உல்லாஸ் காரந்த் நாகரஹொளெயில் புலிகளின் வரியை வைத்து ஒவ்வொன்றையும் பிரித்தறிந்து எண்ணிக்கையை மதிப்பிட்ட பிறகு இந்தக் கருவி எங்கும் பரவியது. பொருத்தியதும் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், கருவியின் முன் நீங்களே குனிந்து நடந்து பாருங்கள். நேரம் தவறிய கேமராவின் ஆயிரம் படங்களால் இரவு விலங்கு எது பகல் விலங்கு எது என்று சொல்ல முடியாது.

உடம்பைக் காப்பது

அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். முழங்கால்வரை வரும் கெட்டித் துணி உறையைக் காலுறைக்கு மேல் கட்டுங்கள். மூக்குப்பொடியோ புகையிலைத் தண்ணீரோ உறையின்மேல் தடவுவது இங்கே வழக்கம். அந்தக் கையோடு தவளையைத் தொட்டுவிடாதீர்கள், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். கடித்த அட்டையை நகத்தால் வழித்தெடுங்கள். ரத்தம் சற்று நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. இலையோடு இலையாகக் கிளையில் சுருண்டிருக்கும் குழிவிரியனை மேலே பார்த்து நடப்பவர் கவனிப்பதில்லை. கை வைக்கும் முன் கண் வையுங்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு உரியது, குழிவிரியனுக்கு அல்ல. எது கடித்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அருகில் உள்ளது எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்பது முதல் நாள் காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதை உருவாக்கிய எம். ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. நீங்கள் தங்கும் இடத்தில் அந்தச் செய்தி யாருக்கு வருகிறது என்று கேட்டு, கிளம்பும் முன் அவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

மாலையும் மறுவருடமும்

திரும்பி வந்ததும் குளிக்கும் முன்பே குறிப்பேட்டைப் புரட்டுங்கள். புரியாத எழுத்து, விட்டுப்போன கட்டம், எண் இல்லாத மரம் எல்லாம் அன்று மாலை நினைவில் இருக்கும், அடுத்த நாள் இருக்காது. பக்கங்களைப் படம் எடுத்துவையுங்கள். கணினியில் ஒருவர் படிக்க ஒருவர் அடிக்கட்டும்.

அடுத்த வருடம் அதே சதுரத்துக்குப் போவீர்கள். மூலைக் கல் பாசி படிந்து கிடக்கும், கயிறு இருக்காது. தகடு எண் 117 எங்கே? அங்கே மரம் இல்லை. உடனே "இறந்தது" என்று எழுதிவிடாதீர்கள். முதலில் குறிப்பேட்டிலிருந்து அது நின்ற இடத்தை நாடாவால் மறுபடி அளந்து கண்டுபிடியுங்கள். அடிக்கட்டை இருக்கிறதா, வேரோடு சாய்ந்த குழி இருக்கிறதா என்று சருகை விலக்கிப் பாருங்கள். அருகில் தகடு இல்லாமல் நிற்கும் மரத்தில் பழைய ஆணித் தழும்போ வண்ணக்கோடோ இருந்தால், தகடு மட்டும் போயிருக்கிறது. இனமும் சுற்றளவும் பொருந்தினால் அதே எண்ணில் புதுத் தகடு அடியுங்கள். விழுந்திருந்தால் எந்தத் திசையில், வேரோடா முறிந்தா, அடியில் துளிர்த்திருக்கிறதா என்று எழுதுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் "தேடினோம், கிடைக்கவில்லை" என்று எழுதி, எவ்வளவு நேரம் தேடினீர்கள், யார் யார் தேடினீர்கள் என்பதையும் சேருங்கள். பிறகு 118-க்குப் போங்கள்.